கோலமும் மன அமைதியும்

அங்கத்தினர் கல்விப் பகுதியில் பயிர், நெசவு, கடன், வட்டி, பங்குத்தொகை ஆகியவற்றைப் பற்றிப் பாடம் எழுதுவது வழக்கம். இம்மாதப் பாடம் அங்கத்தினரின் மனத்தைப் பற்றியது. இது சங்கத்திற்குத் தொடர்பில்லாத பொருள் என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. கவலையால் உறக்கம் இழந்தவரின் கை தறியில் தடுமாறுகிறது. அவர் சங்கக் கூட்டத்திற்கு வருவதையும் நிறுத்திக்கொள்கிறார். தவணை கடந்த கடனைப் பற்றிப் பேச அஞ்சிச் செயலாளரைக் கண்டால் வேறு வழியாகச் செல்கிறார். அங்கத்தினரின் மனம் சோர்ந்தால் சங்கமும் சோர்வடையும் என்பதை ஆய்வாளன் என்ற முறையில் நான் பல ஊர்களில் கண்டிருக்கிறேன்.

1. கவலை எங்கிருந்து வருகிறது?

சேர்வராயன் மலையில் காப்பி பயிரிடுவோரின் ஆண்டு வருமானம், பங்குனி சித்திரையில் பெய்யும் பூமழையைப் பொறுத்தது. அம்மழை தவறினால் பூ தவறும். பூ தவறினால் காயும் தவறும். அராபிக்காச் செடியின் தண்டைத் துளைக்கும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் புழு உள்ளே நுழைந்துவிட்டால், பல ஆண்டுகள் வளர்த்த செடியை வேரோடு பிடுங்கி எரிக்க நேரிடும். ஏற்காட்டுச் சிற்றூர்களில் காட்டெருமை தோட்டத்திற்குள் புகுவதும் உண்டு. இவ்வளவும் கடந்து மூட்டையாகக் கட்டி வைத்த காப்பியின் விலையோ, நியூயார்க் நகரத்துச் சந்தையின் ஏற்ற இறக்கத்தைத் தொடர்ந்து செல்கிறது.

மலையடியில் சேலத்துத் தறிகளில் நெய்வோரின் நிலையும் இத்தகையதே. தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போட்ட வேளையில் மழை வந்தால் அன்றைய உழைப்பு வீண். மழைக்காலத்தில் தறிக்குழியில் ஈரம் ஊறும். நூல் விலை ஏறினாலும் நெய்த துணியின் விலை உடனே ஏறுவதில்லை. சேலையில் ஒரு குறை கண்டால் கூலியில் பிடித்தம் உண்டு.

மேற்கூறியவற்றுள் பெரும்பாலானவை நம் கையில் இல்லாதவை. அதனாலேயே மனம் அவற்றை இரவும் பகலும் சுற்றிச் சுற்றி வருகிறது. அவ்வாறு கவலை நீடிக்கும்போது, சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள சுரப்பிகள் ‘கார்ட்டிசால்’ என்னும் நீரை மிகுதியாகச் சுரக்கின்றன. ஆபத்துக் காலத்தில் உடலுக்கு ஊக்கம் தருவதற்காக இயற்கை அமைத்த ஏற்பாடு அது. ஆனால் ஆபத்து கண்முன் இல்லாத நாட்களிலும் அது ஓயாது மிகுந்திருந்தால், உறக்கம் கெடும். இரத்த அழுத்தம் உயரும். சிறு சொல்லுக்கும் சினம் எழும்.

2. கைவேலை மனத்தை ஆற்றுமா?

ஆற்றும் என்று அனுபவம் கூறுகிறது. சோதனைகளும் ஓரளவு அதை உறுதி செய்கின்றன. ஏட்ரியன் ஹில் என்னும் ஆங்கில ஓவியர் 1938-ஆம் ஆண்டில் காசநோயுற்று மருத்துவமனையில் படுத்திருந்தார். படுக்கையில் இருந்தபடியே படம் வரைந்து வந்ததில் தம் மனச்சோர்வு நீங்கக் கண்டு, பிற நோயாளிகளையும் வரையுமாறு தூண்டினார். 1942-ஆம் ஆண்டில் இம்முறைக்குக் ‘கலைவழி மருத்துவம்’ என்னும் பொருளுடைய பெயரை அவர் இட்டார்.

2005-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 84 மாணவர்களைக் கொண்டு ஒரு சோதனை வெளியாயிற்று. முதலில் அவர்களுக்கு அச்சம் தந்த பழைய நிகழ்ச்சி ஒன்றை எழுதச் செய்து, மனத்தில் பதற்றத்தை உண்டாக்கினர். பிறகு ஒரு பிரிவினருக்கு வட்டக் கோலத்தையும், மற்றொரு பிரிவினருக்குக் கட்டம் போட்ட துணியைப் போன்ற வடிவத்தையும், மூன்றாம் பிரிவினருக்கு வெறுந்தாளையும் தந்து, 20 நிமிடம் வண்ணம் தீட்டச் சொன்னார்கள். வட்டக் கோலமும் கட்டமும் பெற்றவர்களின் பதற்றம் நன்கு தணிந்தது. வெறுந்தாள் பெற்றவர்களுக்கு அவ்வளவு பயன் இல்லை. 2012-ஆம் ஆண்டில் வேறு சிலர் இதை மீண்டும் சோதித்தபோது, கட்டத்தைவிட வட்டக் கோலமே மேம்பட்டு நின்றது.

2016-ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரத்து டிரெக்சல் பல்கலைக்கழகத்தார் 39 பேரை அமர்த்தி, களிமண், வண்ணப் பேனா, ஒட்டுப் படத்திற்குரிய தாள்கள் ஆகியவற்றைக் கொடுத்து, 45 நிமிடம் விரும்பியதைச் செய்யவிட்டனர். முன்னும் பின்னும் உமிழ்நீரை எடுத்துக் கார்ட்டிசாலை அளந்தனர். ஏறத்தாழ நூற்றுக்கு 75 பேருக்கு அது குறைந்திருந்தது. முன்பே படம் வரையப் பழகியவர், பழகாதவர் என்ற வேறுபாடு முடிவில் காணப்படவில்லை என்பதே நாம் கருத்தில் கொள்ளவேண்டிய செய்தி. எஞ்சிய நூற்றுக்கு 25 பேருக்குக் குறையவில்லை என்பதையும் மறைக்கலாகாது. எல்லாருக்கும் ஒரே மருந்து இல்லை.

3. நம் வாசலில் உள்ள கலை

வெறுந்தாளின் முன் அமர்ந்தவருக்கு ‘என்ன வரைவது?’ என்பதே புதிய கவலையாகிவிடுகிறது. வரம்புள்ள வடிவமோ கைக்கு வழி காட்டுகிறது. நம் நாட்டுப் புள்ளிக் கோலத்தில் இத்தன்மை இயல்பாகவே அமைந்துள்ளது. முதலில் புள்ளி, பின்பு இழை. ஒரு புள்ளியை வளைத்ததும் அடுத்த புள்ளி கண்ணெதிரே நிற்கிறது. சிக்குக் கோலத்தில் இழை பல புள்ளிகளைச் சுற்றித் தொடங்கிய இடத்திற்கே திரும்புகிறது. கண்ணும் கையும் அதில் ஈடுபட்டிருக்கையில், கவலை சுற்றிவர மனத்தில் இடம் குறைகிறது.

இக்கோலங்களுள் ஆழ்ந்த கணக்கு அடங்கியிருப்பதை அறிஞர்களும் கண்டனர். சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிப்ட் சிரோமணி அவர்களும் அவர்தம் குழுவினரும், கோலத்தின் அமைப்பைக் கணிப்பொறி இயலின் இலக்கண முறைகளோடு பொருத்தி 1974-ஆம் ஆண்டில் ஆய்வுரை வெளியிட்டனர்.

கோலம் பெண்களுக்கே உரியது என்று ஆண்கள் ஒதுங்குவது உண்டு. சேலைக் கரையின் பூவைக் கட்டத்தாளில் புள்ளி புள்ளியாக எடுக்கும் நெசவாளர் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். இதில் கூச்சத்திற்கு இடமில்லை.

‘நாள் முழுதும் பூவும் கரையும் நெய்கிறோமே, அது போதாதா?’ என்று நெசவாளர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தறியில் நெய்வது விலைக்குரிய வேலை. அதற்கு அளவு உண்டு, கெடு உண்டு, குறை கண்டால் பிடித்தம் உண்டு. கை ஓடினாலும் மனம் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். மன ஓய்வுக்குரிய கைவேலை எவரும் விலை கூறாததாகவும், எவரும் குறை காணாததாகவும் இருத்தல் வேண்டும். இதை நான் நூலில் படித்து அறியவில்லை. என் பிழையால் அறிந்தேன்.

4. நான் செய்த பிழை

சில ஆண்டுகளுக்கு முன், மலையில் ஒரு சிறு சங்கத்தின் கூட்டம் முடிந்தபின், பெண் அங்கத்தினர் சிலர் பயனற்ற பழைய படிவங்களின் பின்பக்கத்தில் கோலம் வரைந்துகொண்டிருந்தனர். காப்பிப் பழம் பறிப்பு முடிந்த தை மாதக் கடைசி. அவர்களுள் வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர், தண்டுத் துளைப்பானால் தம் தோட்டத்தில் பாதியை இழந்தவர். பேச்சில் கலந்துகொள்ளாத அவர், கோலத்தில் மட்டும் ஆழ்ந்திருந்தார். அடுத்த மாதமும் வந்தார்; வரைந்தார்.

இதைக் கண்டு மகிழ்ந்த நான், என் தொழிற் புத்தியைக் காட்டினேன். மூன்றாம் மாதம் கோலப் போட்டி என்று அறிவித்தேன். எவர்சில்வர்ப் பாத்திரங்கள் பரிசு, மூன்று நடுவர்கள், நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண். போட்டியன்று அறையில் பேச்சும் சிரிப்பும் இல்லை. ஒருவர் தாளை ஒருவர் மறைத்துக்கொண்டனர். அந்த அம்மையார் இருமுறை அழித்து வரைந்து, முடிக்காமலே எழுந்தார். அதற்கு அடுத்த மாதம் பாதிப்பேரே வந்தனர். அம்மையார் வரவில்லை.

அவர் வீட்டிற்குச் சென்று காரணம் கேட்டேன். “தோட்டத்தையும் வந்து பார்த்து இத்தனை செடி பழுது என்று எழுதினீர்கள். கோலத்தையும் பார்த்து எழுதத் தொடங்கிவிட்டீர்களே, தம்பி” என்றார். கடிந்து கூறவில்லை, உள்ளதைக் கூறினார். விடை சொல்ல எனக்கு வாய் எழவில்லை. அவருக்கு மாதத்தில் அரை மணி நேரமே தணிக்கை இல்லாத நேரமாக இருந்தது. அதையும் நான் தணிக்கைக்கு உட்படுத்திவிட்டேன்.

பின்னர் படிக்கையில், 1973-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சிறு குழந்தைகளிடம் நடந்த சோதனை ஒன்றை அறிந்தேன். படம் வரைவதில் தாமாகவே விருப்பம் கொண்ட குழந்தைகளை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் வரைந்தால் பரிசு உண்டு என்று முன்கூட்டியே கூறினர். பரிசை எதிர்பார்த்து வரைந்த அக்குழந்தைகள், சில நாட்களுக்குப் பின் தம் விருப்பம்போல் விளையாடும் வேளையில், ஏனையோர் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தனர். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு இவ்வாறு விருப்பம் குறையவில்லை. ஏற்காட்டில் நடந்ததன் காரணம் எனக்கு அப்போது விளங்கிற்று.

போட்டியை நிறுத்தினோம். வரைந்த தாளை வரைந்தவரே எடுத்துச் செல்லலாம், எவரும் கேட்டுப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்தோம். சில மாதங்கள் கழித்து அந்த அம்மையார் திரும்பி வந்து பின்வரிசையில் அமர்ந்தார். மற்றொரு நாள், இடுப்பில் செருகியிருந்த கடன் அறிவிப்பைத் தாமே எடுத்துச் செயலாளரிடம் நீட்டினார். அது வந்து பல வாரங்கள் ஆகியிருந்தன. அன்றே தவணையைப் பிரித்துத் தருமாறு விண்ணப்பம் எழுதப்பட்டது. கோலத்தால் கடன் தீர்ந்தது என்று நான் கூறமாட்டேன். அந்த அறையில் அச்சமின்றி அமர முடிந்ததால், கடனைப் பற்றி அச்சமின்றிப் பேசவும் அவரால் முடிந்தது என்று மட்டும் கூறுவேன்.

5. செய்முறை

(அ) நேரம்: வாரத்தில் இருமுறை, 20 நிமிடம் முதல் 45 நிமிடம் வரை போதும். நெசவாளரின் கண் ஏற்கெனவே களைத்திருக்குமாதலால், பகல் வெளிச்சத்தில், தடித்த கோடாக வரைக. விளக்கொளியில் நுணுக்க வேலை வேண்டாம்.

(ஆ) பொருள்: ஒருபக்கம் எழுதிய பழைய தாள், பென்சில், இரண்டு மூன்று வண்ணக்கோல்கள். விலை கொடுத்து வாங்கவேண்டியவை மிகச் சிலவே.

(இ) தொடக்கம்: 5 புள்ளி, இடைப்புள்ளி 3 வரை; அதாவது 3, 4, 5, 4, 3 என்று ஐந்து வரிசை. இழையைத் தொடங்குமுன் மூச்சை மெல்ல இழுத்து விடுக. கை விரையும்போது சற்று நிறுத்துக.

(ஈ) கோலம் பழகாதவர்: நெசவாளர், அறுந்து வீணான வண்ண நூல் துண்டுகளைப் பசை தடவிய தாளில் வரிசையாக ஒட்டலாம். தோட்டக்காரர், சில்வர் ஓக் மரத்தின் உதிர்ந்த இலையைத் தாளின் அடியில் வைத்து, மேலே பென்சிலைச் சாய்த்துத் தேய்க்கலாம். இலையின் பிளவுகள் யாவும் தாளில் எழும். குழந்தைகளோடு களிமண் பிசைந்து சிறு சட்டி செய்வதும் நன்றே.

(உ) விதி: போட்டி இல்லை, பரிசு இல்லை, ‘நன்று’, ‘தீது’ என்னும் தீர்ப்பும் இல்லை. கோணலான கோலம் கோணலாகவே இருக்கட்டும். படத்தை நிழற்படம் எடுத்துப் பிறருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பதையும் தவிர்க்க.

(ஊ) சங்கத்தின் பங்கு: கூட்டத்திற்கு முன்னோ பின்னோ அரை மணியும், ஒரு பாயும், ஒரு கட்டுப் பழந்தாளும் ஒதுக்குதல். அங்கத்தினர் கல்வி, 1995-ஆம் ஆண்டில் உலகக் கூட்டுறவாளர் ஏற்ற ஏழு கொள்கைகளுள் ஐந்தாவதாகும். இதுவும் அக்கல்வியின் ஒரு பகுதியே.

6. எல்லை அறிக

இது கவலையைத் தணிக்கும் சிறு பழக்கம். நோய்க்கு மருத்துவம் அன்று. இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை தொடர்ந்தால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் காண்க. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்: 14416 அல்லது 104 என்னும் எண்ணை அழைத்துப் பேசுக. அண்டை வீட்டார் அத்தகைய சொல் சொல்லக் கேட்டாலும் அவரைத் தனியே விடாது, உடனிருந்து அழைத்துச் செல்க. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கடனும் அவ்வாறே. தவணை தவறும் என்று தெரிந்தவுடன், நாள் கடக்குமுன் செயலாளரிடம் வந்து கூறுக. அறிவிப்பை மடித்து மறைத்து வைப்பதால் வட்டி நிற்பதில்லை, உறக்கந்தான் போகிறது.

7. படிப்பு வட்டத்திற்கு வினாக்கள்

1. கட்டமோ கோலமோ பெற்றவர்களுக்கு, வெறுந்தாள் பெற்றவர்களைவிடப் பதற்றம் மிகுதியாகத் தணிந்தது ஏன்?

2. தறியில் நெய்வதற்கும், ஓய்வுக்காக வரைவதற்கும் உள்ள வேறுபாடு யாது?

3. நம் சங்கக் கூட்டத்தில் எவரேனும் சில மாதங்களாக வராதிருக்கின்றனரா? அவர் வீட்டிற்கு யார் செல்வது, எப்போது செல்வது?

மூன்றாம் வினாவுக்குரிய விடையைக் கூட்டத்திலேயே குறித்துக்கொண்டு, அந்த வாரத்திற்குள் சென்று வருமாறு அங்கத்தினர்களை வேண்டிக்கொள்கிறேன்.