குப்பைப் பை கட்டுகிறவரின் கையுறை

பொல்பிட்டிய

அன்பு மகள் தர்ஷினிக்கு,

கண்டித் தாதியர் கல்லூரிக்குப் போகுமுன் அட்டனில் ஒரு பெட்டி கையுறையும் இரண்டு பெட்டி மாஸ்க்கும் வாங்கி வைக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். அம்மா அதற்கென்று காசு ஒதுக்கி வைத்திருக்கிறாளாம். அந்தக் காசுக்கு நல்ல சப்பாத்து ஒரு சோடி வாங்கு. வார்ட்டில் நாள் முழுக்க நிற்பதென்றால் முதலில் தளர்வது கால்தான். கையுறை மட்டும் வாங்காதே. காரணத்தைச் சொல்லப் போனால் கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

தொற்று நோயிலிருந்து தப்புவதை ஆஸ்பத்திரி ஊழியர்கள் எவ்வளவு பெரிதாக நினைக்கிறார்கள் என்று அறியப் பொருளியல் படித்தவர்கள் ஒரு கேள்வி வைத்திருக்கிறார்கள்: "இந்த நோய் உங்களுக்குத் தொற்றும் வாய்ப்பைப் பாதியாகக் குறைத்துத் தந்தால், சம்பளத்தில் எவ்வளவு விட்டுக்கொடுப்பீர்கள்?" கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் பெரிய டாக்டர் இருபதாயிரம் என்பார். நிலம் கழுவும் அக்கா, மூன்று பிள்ளைகளும் கடைக் கடனும் மனதில் ஓட, ஐந்நூறு என்பாள். அவளுக்கு உயிர் மேல் ஆசை குறைவா? அந்தக் கேள்வி அளப்பது பர்ஸின் கனத்தை. அதே அக்காவிடம் திருப்பிக் கேட்டுப் பார்: "எவ்வளவு தந்தால் கையுறை இல்லாமல் இந்தக் குப்பைப் பையைக் கட்டுவாய்?" அப்போது வரும் தொகை வேறு. "போங்க மிஸ்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினாலும் ஆச்சரியமில்லை.

எங்கள் ஊர் மின் நிலையம் 1969இலிருந்து ஓடுகிறது. அங்கே வேலைக்குச் சேரும் பையனிடம் மின்சாரம் தாக்காத கையுறையை நீயே வாங்கி வா என்று யாரும் சொல்வதில்லை. லைனை நிறுத்தி, பூட்டி, அட்டை தொங்கவிட்ட பிறகுதான் கை வைக்க விடுவார்கள். ஆபத்து வேலையோடு வருகிறது, காவலும் வேலையோடுதான் வர வேண்டும் என்பது அங்கே பேசி முடிந்த விஷயம். ஆஸ்பத்திரிகளில் இன்னும் பேசி முடியவில்லை. அபாயப் படி என்று மாதம் கொஞ்சம் கூட்டித் தந்தால் சிலர் அடங்கிவிடுகிறார்கள். அந்தக் காசால் ஊசி முனை மழுங்குமா?

ஹெபடைட்டிஸ் பி கதையைக் கேள். அதற்கான தடுப்பூசி 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்த நோய் உள்ளவருக்குப் போட்ட ஊசி, தடுப்பூசி போடாத ஊழியரைக் குத்தினால், அப்படிக் குத்துப்பட்ட நூறு பேரில் 6 முதல் 30 பேருக்கு நோய் தொற்றலாம். காய்ந்த இரத்தத்தில்கூட அந்தக் கிருமி ஒரு வாரம் தாக்குப்பிடிக்கும். இதெல்லாம் அங்குள்ள டாக்டர்மாருக்கும் தாதியருக்கும் தெரியும். தெரிந்தும் பலர் போட்டுக்கொள்ளவில்லை. மூன்று ஊசிக்கு அப்போது நூறு டாலர் அளவில் செலவு. மனித இரத்தத்திலிருந்து எடுத்துச் செய்த மருந்து என்பதால் எயிட்ஸ் வரும் என்ற வதந்தி வேறு. 1991இல் சட்டம் வந்தது: இரத்தத்தோடு புழங்கும் ஊழியருக்கு வேலை கொடுப்பவரே இலவசமாகப் போட வேண்டும். 1983இல் அந்த நாட்டுச் சுகாதார ஊழியரில் சுமார் 17,000 பேருக்குத் தொற்றிய நோய், 1995இல் சுமார் 400 பேருக்குத்தான் தொற்றியது. சட்டம் மட்டும் காரணமில்லை. கையுறைப் பழக்கமும் ஊசிப் பெட்டிகளும் கூடவே வந்தன. ஆனாலும் இடைப்பட்ட காலத்தில் ஊழியர்களுக்குத் திடீரென்று உயிரின் அருமை தெரிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். பில் கட்டுகிற கை மாறியது.

ஊசி குத்துவது எப்போது தெரியுமா? நோயாளிக்குப் போடும்போது குறைவு. போட்ட பிறகுதான் அதிகம். மூடியைத் திரும்பப் போடப் போவாய், மூடி பிடித்த கையில் ஏறும். ஆகவே மூடியைத் தேடாதே. ஊசியும் சிரிஞ்சும் அப்படியே மஞ்சள் பெட்டிக்குள் போகட்டும். முக்கால் நிறைந்ததும் பெட்டியை மாற்றச் சொல். நிறைந்த பெட்டிக்குள் இன்னொன்றை அழுத்தித் திணிக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நான் வேலை செய்த ஓரிடத்தில், யாரோ அவசரத்தில் சாதாரணக் குப்பைப் பைக்குள் போட்ட ஊசி, மறுநாள் காலை அந்தப் பையைத் தொடையோடு சாய்த்துத் தூக்கிய சிற்றூழியரின் காலில் ஏறியது. எந்த நோயாளியின் ஊசி என்று யாருக்கும் தெரியவில்லை. போட்டவர் டியூட்டி முடிந்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். இவரோ மாதக் கணக்கில் இரத்தம் சோதித்துக்கொண்டு, வீட்டுக்காரியிடமும் சொல்ல வாய் வராமல் அலைந்தார். தடுப்பூசியும் போட்டிருக்கவில்லை. அது மிஸ்மாருக்குத்தான் என்று நினைத்திருந்தாராம்.

ஆகவே ஓர் ஆஸ்பத்திரியில் பாதுகாப்புக்கு என்ன மரியாதை என்று அறிய ஒப்பரேஷன் தியேட்டருக்குள் எட்டிப் பார்க்காதே. குப்பைப் பை கட்டுகிறவரின் கையைப் பார். மெல்லிய பரிசோதனைக் கையுறையா, தடித்த றப்பர் கையுறையா? அளவு சரியா? கிழிந்தால் யாரிடம் கேட்க வேண்டும், கேட்டால் முகம் சுளிக்கிறார்களா? நீ கையுறை வாங்கக் கூடாது என்பதும் இதனால்தான். தன் பைக்குள் ஒரு பெட்டி வைத்திருக்கிற தாதி, அலுமாரி காலியானதை வெளியே சொல்ல மாட்டாள். தன் பாடு நடக்கிறதே என்று இருப்பாள். சிற்றூழியருக்கு அந்தப் பெட்டி ஏது? இல்லையென்றால் இல்லை என்று திகதி போட்டுக் கொப்பியில் எழுது.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு நாள் உனக்கும் ஊசி குத்தலாம். குத்தினால் பிதுக்காதே. ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வார்ட் சிஸ்டரிடம் உடனே சொல். நோயாளிக்கு எச்.ஐ.வி. இருந்தாலும் உனக்குத் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்துக்கு 3 அளவுதான். தடுப்பு மாத்திரை வேண்டுமென்று டாக்டர் முடிவு செய்தால் சில மணி நேரத்துக்குள், மிஞ்சிப் போனால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் குடிக்க வேண்டும். ஏச்சு விழும் என்று பயந்து மறைக்கிற புதுப் பிள்ளைகள்தான் அந்த நேரத்தைக் கோட்டை விடுகிறார்கள்.

இனி நம் பக்கத்துக்கே உரிய சங்கடம். நீ கையுறை மாட்டுவதைப் பார்த்ததும் லயத்திலிருந்து வந்த ஆச்சியின் முகம் வாடும். தோட்டத்து ஆள் என்று தொட அருவருக்கிறாள் என நினைப்பாள். அவளைக் குறை சொல்ல முடியாது. தலைமுறை தலைமுறையாகத் தள்ளி நிறுத்தப்பட்ட சனம் நாம். இதற்காகவே வெறுங்கையால் புண் கட்டிய தாதிமாரை எனக்குத் தெரியும். அதை அன்பு என்று நினைத்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதலில் வெறுங்கையால் அவள் கையைப் பிடித்து நாடி பார், மகள் வீட்டுப் பிள்ளைகளை விசாரி. பிறகு அவள் கண் முன்னாலேயே கை கழுவி, "ஆச்சி, என் கையில இருக்கிற கிருமி உங்க புண்ணுக்குள்ள போகக் கூடாது, அதான் உறை போடுறேன்" என்று சொல்லி மாட்டு. அது பாதி உண்மை. மற்றப் பாதியை அவளே விளங்கிக்கொள்வாள். நாடி பார்க்கவும் சோறு ஊட்டவும் தலை வாரிவிடவும் பெரும்பாலும் கையுறை தேவைப்படாது. அங்கேயும் மாட்டிக்கொண்டு திரிந்தால் ஆச்சி நினைத்தது சரியென்று ஆகிவிடும். ஒரே சோடியோடு கட்டில் கட்டிலாகப் போகிறவர்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் எனக்குக் கோபம்தான் வரும். விட்டுவிடுகிறேன்.

கையுறைக்குத் தடை கூச்சம் என்றால் மாஸ்க்குக்குத் தடை பெருமை. 1910-11இல் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியது. பினாங்கில் பிறந்த இளம் டாக்டர் வூ லியன் தே, இது மூச்சு வழியாகப் பரவுகிறது, துணிக்குள் பஞ்சு வைத்த மாஸ்க்கைக் கட்டுங்கள் என்றார். அவரைவிட மூத்த பிரெஞ்சு டாக்டர் மெஸ்னி அதை ஏளனம் செய்துவிட்டு மாஸ்க் இல்லாமல் நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாளில் அதே நோயால் இறந்தார். அதன் பிறகுதான் மற்றவர்கள் வாயைக் கட்டினார்கள். நம் வார்ட்களில் காற்றில் வரும் ஆள் காச நோய். இருமுகிறவருக்குச் சாதாரண மாஸ்க், உனக்கு என்95. மூக்குக் கம்பியை இரண்டு கை விரல்களாலும் அழுத்தி, ஒரு தடவை ஊதிப் பார். ஓரத்தில் காற்றுக் கசிந்தால் திரும்பக் கட்டு. குளிர் என்று ஜன்னல்களை எல்லாம் அடைத்து வைத்திருப்பார்கள். இரண்டையாவது திறக்கச் சண்டை பிடி.

கொவிட் காலத்தில் நீ பள்ளிக்கூடப் பிள்ளை. 2021 ஜனவரி 29 அன்று, இந்தியா கொடுத்த கோவிஷீல்டை இங்கே போடத் தொடங்கியபோது சுகாதார ஊழியர்கள், முப்படையினர், பொலிஸார்தான் முதல் வரிசை. அடுத்த சில நாட்களில் ராகம போதனா வைத்தியசாலையில் வேலை பார்த்த 32 வயது டாக்டர் ஒருவர் அந்த நோயால் இறந்தார். கொவிட்டில் நாடு இழந்த முதல் டாக்டர். தடுப்பூசிக்கு யாரும் எங்களிடம் எவ்வளவு தருவாய் என்று கேட்கவில்லை. அந்த வரிசையில் டாக்டருக்குப் பின்னால் துப்புரவு அக்கா, அவளுக்குப் பின்னால் இன்னொரு டாக்டர். எங்கள் தொழிலில் எல்லாம் அப்படி நடந்தால் நான் இவ்வளவு எழுத வேண்டியிருக்காது.

உனக்கு இப்போதே ஒரு வேலை இருக்கிறது. கைக்குழந்தையில் உனக்குப் போட்ட ஊசிகள் எழுதிய கிளினிக் கொப்பியை அம்மாவின் பெட்டிக்குள் தேடு. 2003இலிருந்துதான் நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு ஹெபடைட்டிஸ் பி போடுகிறார்கள். மூன்றும் போட்டிருந்தால் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று சோதிக்கச் சொல். அதன் அளவு 10 mIU/mLக்குக் குறைந்தால் இன்னொரு ஊசி போட்டு மறுபடி பார்ப்பார்கள். போட்டிருக்காவிட்டால் மூன்று: முதலாவது, ஒரு மாதம் கழித்து, பிறகு ஆறாம் மாதம். வார்ட்டுக்கு அனுப்புமுன் தொடங்கச் சொல்லிக் கேள். கொப்பி தொலைந்துவிட்டதென்றால் உங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ்ஸிடம் போய்ப் பழைய பதிவைப் பார்க்கச் சொல். ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கும்போது விவரம் சொல்.

அன்புடன்,
உன் பெரியம்மா