அடுப்பேறாப் பழ அடை

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டங்களிலுள்ள நம் ஊர்களை விட்டுப் பணியின் பொருட்டுத் தாம்பரம் முதல் செங்கற்பட்டு வரை பெருஞ்சாலையோரம் குடியேறிய நம் குடும்பங்களுக்கு, ஊரில் இல்லாத ஓர் இடர்ப்பாடு நேர்ந்துள்ளது. சிங்கப்பெருமாள் கோயில் போன்ற சிற்றூரிலும் இன்று பேக்கரிகள் உள்ளன. பள்ளித் தோழனின் பிறந்தநாளன்று கேக் வெட்டப்படுகிறது. அதில் முட்டை உண்டா என்று நம் வீட்டுப் பிள்ளை வினவ வேண்டியுள்ளது. விடை கிடைப்பதற்குள் தட்டு காலியாகி விடுகிறது. வீடு திரும்பிய பிள்ளை, நம் வீட்டில் அப்படி ஒன்று செய்யலாகாதா என்று கேட்கிறது. அதே வீட்டில் விரதப் படி ஏற்ற பாட்டியார் ஒருவரும் இருக்கிறார். பேரனுக்கும் பாட்டிக்கும் ஒரே பாத்திரத்திலிருந்து பரிமாறத்தக்க இனிப்பு ஒன்று உண்டா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் பொருள்.

மேனாட்டார் ‘பை’ என்றழைக்கும் பண்டத்தை இதற்குத் தேர்ந்தெடுத்துள்ளோம். தமிழில் அச்சொல்லைக் கேட்டால் கடைக்குக் கொண்டு செல்லும் துணிப்பையே நினைவுக்கு வருமாதலின், பழ அடை என்று வழங்குதல் நலம். மாவினால் கிண்ணம் போன்ற ஓடு செய்து, அதனுள் பழத்தை நிரப்பி, ஓவனில் வேகவைப்பது அதன் பழைய முறை. வேகவைக்காத முறைகளும் உண்டு. அவற்றுள் இரண்டைப் பிரித்தறிய வேண்டும். பிஸ்கட்டைப் பொடித்து வெண்ணெய் கலந்து ஓடு செய்வது ஒரு வகை. அதில் நம் வீட்டு அடுப்பு எரிவதில்லையே தவிர, பிஸ்கட் செய்தவரின் அடுப்பு எரிந்தே இருக்கிறது. பருப்பையும் பேரீச்சையையும் இடித்து ஓடு செய்து, பழச் சதையை அரைத்து நிரப்புவது மற்றொரு வகை. நாம் கூற வருவது இதனையே. முட்டையும் மைதாவும் ஈஸ்ட்டும் இதில் இல்லை. ஓவன் இல்லாத வீட்டிலும் இதனைச் செய்யலாம்.

அடுப்பேறாத பண்டம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. ஊறவைத்த பச்சரிசியை இடித்து வெல்லம் சேர்த்துப் பிசைந்தால் துள்ளுமாவு. அதனையே குழித்து நெய்யூற்றித் திரியிட்டால் மாவிளக்கு. கோடையில் வெல்லமும் சுக்கும் ஏலமும் கரைத்த பானகம். எனினும் பழ அடைக்கு மிக நெருங்கிய உறவு பழனிப் பஞ்சாமிர்தமே. மலை வாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, நெய், ஏலம், தேன் ஆகியவற்றை நீர் சேர்க்காமல் பிசைந்து செய்யும் அதற்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. நீர் சேராமையும் சர்க்கரை மிகுதியுமே அது எளிதில் கெடாதிருப்பதற்குக் காரணம். தேன் கலப்பதால் அது நமக்கு ஆகாதாயினும், செய்முறையில் கற்கத்தக்கது உண்டு. பழத்தைக் கெட்டிப்படுத்தப் பேரீச்சையும் சர்க்கரையும் போதும். மாவோ பசையோ தேவையில்லை.

இன்னும் தொன்மையான சான்று நம்மிடமே உள்ளது. ஆதிபகவன் நெடுநாள் உண்ணா நோன்பிற்குப் பின் அத்தினாபுரத்தில் சிரேயாம்ச மன்னன் அளித்த கருப்பஞ்சாற்றை ஆகாரமாக ஏற்றார். அட்சய திருதியை அந்நாளின் நினைவாகும். அச்சாறு தீயில் காய்ச்சப்பெற்றதன்று. ஆயினும் கரும்பு கரும்பாகவே அளிக்கப்படவில்லை; பிழியப்பெற்ற சாறாகவே அளிக்கப்பட்டது. இவ்வேறுபாட்டை நாம் கருத்தில் இருத்த வேண்டும்.

ஏனெனில், பச்சையாக உண்பதே தூய்மை என்றொரு கருத்து இக்காலத்தில் பரவியுள்ளது. இயற்கை உணவு இயக்கத்தார் உடல்நலம் கருதி அவ்வாறு கூறுவர். நம் மாநிலத்தில் சிவசைலம் நல்வாழ்வு ஆசிரமம் தேங்காயும் பழமும் கொண்ட சமைக்காத உணவைப் பரப்பி வந்துள்ளது. காந்தியடிகளும் 1893-இல் பிரிட்டோரியாவிலும், மீண்டும் 1929-இல் இந்தியாவிலும் சமைக்காத உணவை உண்டு பார்த்தார். உடல் ஏற்காமையால் இருமுறையும் கைவிட்டார். நம் நூல்களின் நோக்கு இதனின் வேறானது. சமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்தில் கூறும் பதினொரு படிகளுள் ஐந்தாவது, பச்சையான கிழங்கு, கனி, கீரை, தளிர், பூ, விதை முதலியவற்றை உண்ணாமையாகும். அந்நூலைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பைப் பயின்ற குடும்பங்களுக்கு இது புதிய செய்தியன்று. உயிருள்ள நிலையில் உள்ள பொருள் சசித்தம். உயிர் நீங்கியது அசித்தம், பிராசுகம். ஆகவே, அடுப்பேறாதது என்ற ஒன்றினாலேயே ஓர் உணவு உயர்ந்ததாகிவிடாது. விரதியர்க்கு அதுவே தடையாகவும் அமையலாம்.

ஆனால் தீ ஒன்றே பொருளைப் பிராசுகமாக்கும் என்று எண்ணுதலும் வேண்டா. உலர்தல், சூடேறல், புளிப்போடும் உப்போடும் கலத்தல், கருவியால் நசுக்கப்படல் ஆகிய வழிகளும் கூறப்பட்டுள்ளன. பச்சை இஞ்சியை ஒதுக்கும் வீட்டில் சுக்கு புழங்குவது இதனாலேயே. இவ்வளவையும் கொண்டு பார்க்கையில், பழத் துண்டுகளை அழகுக்காக மேலே அடுக்கிய அடை பாட்டியார்க்கு ஏற்றதன்று. உலர்ந்த பருப்பாலும் உலர்ந்த பேரீச்சையாலும் ஓடு செய்து, விதை நீக்கி அரைத்த பழத்தில் எலுமிச்சைச் சாறும் உப்பும் கலந்து நிரப்பிய அடையே பொருத்தமானது என்பது நம் கருத்து. எனினும் படி ஏற்றவர் தாம் எவ்வாறு விரதம் ஏற்றாரோ அவ்வாறே ஒழுகுவார். சூடேறியதை மட்டுமே ஏற்போரும் உளர். அவரைக் கேட்டறிந்த பின்னரே செய்ய வேண்டும். அவர்பொருட்டு மாம்பழக் கூழை ஒரு கொதி காட்டிச் சேர்ப்பதில் தாழ்வொன்றுமில்லை.

மேனாட்டுச் செய்முறைகளில் நாம் நீக்க வேண்டியவற்றுள் தேன் முதலாவது. அதற்குக் காரணம் கூற வேண்டுவதில்லை. அடுத்தது உலர்ந்த அத்தி. பேரீச்சைக்குப் பதிலாக இதனைச் சேர்க்குமாறு பல குறிப்புகள் கூறும். ஆல், அரசு, அத்தி, இத்தி முதலிய ஐவகைக் கனிகளை முன்னோர் விலக்கியதற்குரிய காரணத்தை இன்றைய தாவரவியலும் விளக்குகிறது. அத்திக்கனி என்பது உண்மையில் உட்புறமாகப் பூத்த பூங்கொத்து. அதன் முனையிலுள்ள சிறு துளை வழியே மகரந்தம் சுமந்த நுண்ணிய குளவி நுழைந்து, முட்டையிட்டு, உள்ளேயே மடிகிறது. அதன் குஞ்சுகளும் அங்கேயே வளர்கின்றன. துருக்கி நாட்டின் ஸ்மிர்னா வகைச் சீமை அத்தியும் குளவியின்றிப் பழுப்பதில்லை. புனே வட்டாரத்தில் பயிராகும் வகைக்குக் குளவி தேவையில்லை என்பது உண்மையே. ஆனால் கடையில் உலர்ந்து கிடக்கும் பழத்தைப் பார்த்து அது எவ்வகை என்று கூற இயலாது. விலக்கிவிடுதலே எளிது. பழக்கூழை உறையச் செய்யும் ஜெலட்டின், விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கப்படுவது. இனிப்பின்மேல் ஒட்டும் வெள்ளித்தாள், விலங்கின் குடல் தாள்களுக்கிடையே வைத்து அடித்து மெலிதாக்கப்பட்டு வந்த பொருள். இவ்விரண்டும் வேண்டா.

ஓட்டிற்குரிய பருப்புகளுள் முந்திரி சிறந்தது. கடைகளில் ‘பச்சை முந்திரி’ என விற்பதும் முற்றிலும் பச்சையன்று. முந்திரிக் கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்குமாதலின், உடைக்குமுன் அதனை ஆவியில் வேகவைப்பர் அல்லது வறுப்பர். இயற்கை உணவாளர்க்கு இது குறையாகத் தோன்றலாம், நமக்கோ வசதியே. விலை கருதுவோர் வேர்க்கடலையைக் கொள்ளலாம். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 வகைகளை நம் ஊர்களில் நிலம் வைத்திருப்போர் நன்கறிவர். மண்ணுள் விளைவதால் இதனை உண்ணத் தயங்குவோர் உண்டு. இது கிழங்கன்று, பூ மேலே மலர்ந்து, காம்பு மண்ணுள் இறங்கிக் காய்க்கும் வித்து. சுருங்கியதும் நிறம் மாறியதுமான பருப்பைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். பூஞ்சை பிடித்த கடலையிலுள்ள நஞ்சு வறுத்தாலும் முழுதும் நீங்காது. நல்ல கடலையை இளஞ்சூட்டில் வறுத்துச் சேர்த்தால் ‘அடுப்பேறா’ என்ற பெயர் போய்விடும்; சுவை கூடும்.

பேரீச்சை ‘கொட்டை நீக்கியது’ என்று வாங்கினாலும், ஒவ்வொன்றையும் பிளந்து வெளிச்சத்தில் பார்த்த பின்னரே பயன்படுத்த வேண்டும். சேமிப்புக் கிடங்கில் புழுவும் வண்டும் புகுவது உண்டு.

மாம்பழத்தைத் தேர்வதில் இன்னும் கவனம் தேவை. பழ ஈ தோலைத் துளைத்து முட்டையிடும். ஊசி குத்தியது போன்ற புள்ளியும் அதனைச் சுற்றிய மென்மையும் அதன் அடையாளம். மாங்கொட்டை வண்டின் செய்தி வேறு. காய் பிஞ்சாக இருக்கும்போதே அதன் புழு உள்ளே சென்றுவிடும். நுழைந்த வடு ஆறிப்போவதால் பழத்தின் வெளியே ஒன்றும் தெரியாது. ஆகவே கத்தியைக் கொட்டைவரை அழுத்தாமல், இரு கன்னங்களையும் முதலில் அரிந்தெடுத்துக் கொட்டையைப் பார்க்க வேண்டும். கதிரவன் திருவாதிரை விண்மீனில் புகும் ஜூன் மாதப் பிற்பகுதிக்குப் பின் மாம்பழம் உண்ணாத வழக்கம் குஜராத்துச் சமணக் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. முதல் மழைக்குப் பின் பழங்களில் புழு மிகுதல் காண்போர்க்கு அவ்வழக்கத்தின் பொருத்தம் விளங்கும்.

இனிச் செய்முறை. எட்டுப் பேருக்கு, இருபது சென்டிமீட்டர் அகலமுள்ள, விளிம்புடைய எவர்சில்வர் தட்டு ஒன்று போதும். ஓட்டிற்கு முந்திரி 150 கிராம், கொப்பரைத் துருவல் 50 கிராம், பேரீச்சை 150 கிராம், ஏலக்காய் 4, உப்பு ஒரு சிட்டிகை. முந்திரியையும் ஏலத்தையும் மிக்சியில் விட்டுவிட்டு ஓட்டி ரவை போல் பொடிக்க வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் பிரிந்து பசையாகிவிடும். பின்னர்ப் பேரீச்சை, கொப்பரை, உப்பு சேர்த்து மீண்டும் சுற்றினால், கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் பதம் வரும். உதிர்ந்தால் இன்னும் இரண்டு பேரீச்சை சேர்க்கலாம், நீர் விடலாகாது. தட்டில் நெய் தடவி, இக்கலவையைப் பரப்பி, அடி தட்டையான டம்ளரால் அழுத்தி, விளிம்பிலும் ஒரு விரற்கடை உயரத்திற்கு ஏற்றிவிட வேண்டும்.

உள்ளீட்டிற்குப் பங்கனப்பள்ளிப் பழம் பெரியதாக இரண்டு, முந்திரி 100 கிராம், இளநீர் வழுக்கை ஒரு கோப்பை, பேரீச்சை 6, அரை மூடி எலுமிச்சையின் சாறு, இலவங்கம் 2, உப்பு ஒரு சிட்டிகை. நாரற்ற பழமாதலின் பங்கனப்பள்ளியைக் கூறினோம். முந்திரியை ஒரு மணி நேரம் ஊறவைத்தால் போதும். மேனாட்டுக் குறிப்புகள் கூறுவது போல் இரவு முழுதும் ஊறவைப்பது நம் ஒழுக்கத்திற்கும் ஆகாது, செங்கற்பட்டுக் கோடைக்கும் ஆகாது. ஊறவைக்கக் காய்ச்சி ஆறிய நீரைக் கொள்க. முந்திரியை வடித்து, எல்லாவற்றையும் வெண்ணெய் போல் அரைத்து ஓட்டில் ஊற்றி, குளிர்சாதனப் பெட்டியில் மூன்று மணி நேரம் வைக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மேனாட்டுக் குறிப்புகள் உள்ளீட்டை இறுகச் செய்யத் தேங்காய் எண்ணெயைச் சேர்க்கச் சொல்லும். அவ்வெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசில் உருகுவது. குளிர்நாட்டுச் சமையலறையில் அது கட்டியாகவே நிற்கும். சித்திரை மாதத்துச் சிங்கப்பெருமாள் கோயிலில் பெட்டியை விட்டு வெளியே எடுத்த சிறிது நேரத்தில் ஓடிவிடும். அதனால்தான் எண்ணெயைத் தவிர்த்து முந்திரியையும் பேரீச்சையையும் மிகுதியாகக் கூறினோம். அவ்வாறு செய்தாலும் இவ்வடை கத்தியால் அரிந்தால் கூர்மையாக நிற்பதன்று. கரண்டியால் எடுத்து இடும் பதமே அமையும். குளிர்சாதனப் பெட்டி இல்லாதோர் சிறு கிண்ணங்களில் ஓட்டுக் கலவையை அழுத்தி, மேலே உள்ளீட்டை ஊற்றி உடனே பரிமாறலாம். சுவையில் வேறுபாடு சிறிதே.

காலக் கணக்கும் முன்கூட்டியே போட வேண்டும். வடிகட்டிய நீருக்கு ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம். இலவங்கம் முதலியன சேர்த்த நீருக்கு இரண்டு சாமம், அதாவது ஆறு மணி நேரம் என்பது நாம் கொள்ளும் வரையறை. அடைக்கும் அந்த ஆறு மணி நேரத்தையே எல்லையாகக் கொள்ளுதல் தகும். அரைத்த தேங்காயும் பழமும் வெப்ப நாளில் விரைவில் புளிக்கும் இயல்பினவாதலின், மருத்துவ நோக்கிலும் அது பொருந்தும். மே மாதத்தில் இப்பகுதியில் மாலை ஏறத்தாழ ஆறரை மணிக்குக் கதிரவன் மறைகிறான். நண்பகல் பன்னிரண்டு மணிக்கு அரைத்து, ஒரு மணிக்குள் பெட்டியில் வைத்து, நான்கரை அல்லது ஐந்து மணிக்குப் பரிமாறினால் பிள்ளைகளின் விருந்தும் முடியும். பாட்டியார்க்கும் வேளை தப்பாது. எஞ்சியதை மறுநாளைக்கு வைக்கலாகாது. ஆதலால் வரும் பிள்ளைகளை எண்ணி, அளவாகச் செய்க.

மாம்பழம் இல்லாத மாதங்களில் ஏலக்கி வாழைப்பழம் நன்கு அமையும். விரைவில் கறுக்குமாதலின் எலுமிச்சைச் சாற்றை இரட்டிப்பாக்க வேண்டும். சப்போட்டாவும் ஆகும், விதைகளை எண்ணி நீக்குக. தர்ப்பூசணி கோடையில் சாலையோரம் குவிந்து கிடப்பினும் இதற்கு உதவாது. அதன் நீர் ஓட்டைக் கரைத்துவிடும். விடுமுறையில் மாமல்லபுரம் கடற்கரைக்குச் செல்வோர் ஓட்டை மட்டும் மூடியுள்ள டப்பாவில் அழுத்தி எடுத்துச் செல்லலாம். உள்ளீட்டைத் தனியே தூக்கில் ஊற்றி, சுற்றிலும் பனிக்கட்டி வைத்துக் கொண்டுபோய், உண்ணும் இடத்தில் ஊற்றிக்கொள்க.