முரட்டுக் குதிரையும் மனப்பொறையும்

குதிரை நம் வன்னி நாட்டுக்குரிய விலங்கன்று. வன்னியின் பழம்புகழ் யானையால் வந்தது. இந்நாட்டுக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகள் ஆனையிறவைக் கடந்து யாழ்ப்பாணஞ் சென்று, அங்கிருந்து கடல்கடந்து விற்கப்பட்டன. ஒல்லாந்தர்க்கு வன்னியர் இறுத்த திறையும் யானையே. குதிரையைக் காண விழைவோர் நெடுந்தீவுக்குச் செல்லல் வேண்டும். அந்நியர் ஆட்சியிற் கொணரப்பட்டவற்றின் வழிவந்த மட்டக்குதிரைகள் அங்கே இன்றுங் கட்டின்றித் திரிகின்றன.

அங்ஙனமாகவும் நாம் இவ்விதழிற் குதிரையைப் பற்றி எழுதத் துணிந்தமைக்குக் காரணமுண்டு. விலங்கைப் பழக்குவோன் தன் சினத்தால் எய்தும் இழப்பைக் குதிரையைப்போலத் தெளிவாகக் காட்டும் விலங்கு வேறில்லை. அவ்விழப்பை நாமும் ஒருகால் எய்தினோம். அதனைப் பின்னர்க் கூறுவாம்.

குதிரை பிற விலங்குக்கு இரையாகும் இனத்தது. கொம்பில்லை, கோரைப்பல்லால் அஞ்சுவிக்கும் ஆற்றலுமில்லை. ஓட்டமே அதன் காவல். கண்கள் தலையின் இரு மருங்கும் அமைந்திருத்தலால் ஏறத்தாழச் சுற்றுமுற்றும் முழுவதையும் அது காணும். எனினும் நெற்றிக்கு நேர்முன்னும் வாலுக்கு நேர்பின்னும் நிற்பது அதன் பார்வைக்கு எட்டாது. பின்புறமாக ஓசையின்றிச் சென்றவன் உதைபட்டால் குற்றம் அவனுடையதே. மனிதன் பொருட்படுத்தாத ஒரு காகிதத்துண்டு காற்றிற் பறந்தாலும் அது வெருளும். பல்வலி, முதுகுப்புண், பொருந்தாத கடிவாளம் ஆகியவற்றாலும் அடங்க மறுக்கும். ஆகவே முரடு என்று நாம் பெயரிடுவதன் உள்ளே பெரும்பாலும் அச்சமோ நோவோ இருக்கக் காணலாம். முதலில் அதனைத் தேடுதலே முறை.

கிரேக்க அறிஞர் செனபோன் இற்றைக்கு 2300 ஆண்டுகளுக்கு முன்னரே குதிரையேற்றம் பற்றி ஒரு நூல் செய்தார். சினத்தோடு குதிரையை அணுகலாகாது என்பது அவர் வற்புறுத்திய விதி. அஞ்சும் பொருளைக் காட்டி, அதனைத் தானே தொட்டு, மெல்ல அருகே கொண்டுசெல்க என்கிறார். அடித்துச் செலுத்தினால் அடியின் நோவும் அப்பொருளால் வந்ததென்றே குதிரை கருதும் என்பது அவர் கண்ட நுட்பம். அலெக்சாந்தர் இளம்பருவத்தில், எவர்க்கும் அடங்காத பூசெபலசு என்னுங் குதிரையை அடக்கிய வரலாற்றைப் புளூட்டாக்கு எழுதியுள்ளார். அது தன் நிழலுக்கே அஞ்சுவதைக் கண்ட அவர் அதனைச் சூரியனை நோக்கித் திருப்பினாராம். பிறர் குதிரையின் வலிமையோடு பொருதனர். அவர் அதன் கண்ணின் வழியே பார்த்தார்.

மனத்தில் சினத்தை அடக்கிக்கொண்டு முகத்தில் மட்டும் அமைதி காட்டினாற் போதாதோ எனின், போதாது. செருமனியில் ஆன்சு என்னுங் குதிரை கணக்குச் செய்து குளம்பால் தட்டி விடை கூறுவதாகப் பெரும்புகழ் பெற்றிருந்தது. 1907 இல் ஒசுக்கார் புங்ஸ்ற் என்னும் ஆய்வாளர் அதன் மறையை வெளிப்படுத்தினார். வினாவுவோர் விடையை எதிர்நோக்கித் தம்மையறியாமற் செய்த மிகச்சிறு தலையசைவைக் கண்டே குதிரை தட்டுதலை நிறுத்தியது. அத்துணை நுண்ணிய அசைவைக் காண்பதற்கு, கயிற்றைப் பற்றிய கையின் இறுக்கமும் நம் மூச்சின் வேகமுமா தெரியாமற்போம்?

இனி, பொறுமை என்பது வாளாவிருத்தலன்று. கயிற்றை மெல்ல இழுத்துப் பிடித்து, குதிரை ஓரடி எடுத்துவைத்த அக்கணமே தளர்த்துதல் வேண்டும். அத்தளர்வே அதற்குப் பாடம். சினமுற்றவன் கை அக்கணத்தைத் தவறவிடும். குதிரை பணிந்த பின்னரும் இழுத்துக்கொண்டிருக்கும். பணிந்தும் பயனில்லையென அது கற்றுக்கொள்ளும்.

இப்பொழுது நம் கதை. மாணவப் பருவத்தில் வீட்டு நாம்பன் ஒன்றை வண்டிலிற் பழக்கும் வேலை நம்மிடம் விடப்பட்டது. குளக்கட்டுக்குப் போகும் வழியில் ஒரு மதகு. புதிதாகச் சுண்ணாம்பு பூசி வெள்ளைவெளேரென்றிருந்தது. நாம்பன் அதன்முன் நின்றுவிட்டது. பொழுது சாய்கிறதே என்ற பதற்றத்தில் துவரங்கேட்டியால் அடித்தோம். நாணயக்கயிற்றை இழுத்ததில் மூக்கிலிருந்து குருதி கசிந்தது. அன்று அது மதகைத் தாண்டியது உண்மையே. மறுநாள் மதகு தொலைவிற் தெரிந்தபோதே நுகத்தோடு படுத்துவிட்டது.

அப்பு நம்மை ஏசவில்லை. நாம்பனை அவிழ்த்து, தனியே மதகடிக்கு நடத்திச் சென்று, கட்டில் அமர்ந்து சுருட்டுப் பற்றவைத்தார். கயிறு அவர் மடியில் தளர்ந்து கிடந்தது. நாம்பன் நெடுநேரம் நின்றது. பின் கழுத்தை நீட்டி அவ்வெள்ளைச் சுவரை மோந்தது. உடனே எழுந்து வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். "இண்டைக்கு இவ்வளவு போதும்" என்றார். இவ்வாறு பல மாலைகள் சென்றபின்னரே வண்டில் பூட்டப்பட்டது.

அந்நாம்பன் பின்னாளில் எம் வீட்டின் சிறந்த வண்டில்மாடாயிற்று. எத்தனையோ மதகுகளை நில்லாமற் கடந்தது. நாம் அடித்த அந்த ஒரு மதகில் மட்டும், சுண்ணாம்பு மங்கிக் கறுத்த பின்னரும், ஒரு நொடி நின்றே சென்றது.