அப்பா பெயர் இல்லாத பிறப்புச் சான்றிதழ்

தென்காசிப் பக்கம் ஒரு பெண் கல்யாணம் வேண்டாம், பிள்ளை மட்டும் போதும் என்றால், "இதெல்லாம் நம்ம ஊர் வழக்கமா?" என்ற பேச்சுதான் முதலில் எழும். வழக்கத்தையே பார்ப்போம்: இதே பக்கம், குற்றாலத்தை அடுத்த செங்கோட்டையைத் திருவிதாங்கூர் மன்னர்கள் ஆண்டார்கள்; 1956-ல்தான் அது தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அந்த அரச குடும்பத்தில் பட்டம் மன்னரின் மகனுக்குப் போகாது, சகோதரியின் மகனுக்கே போகும். எம்.எஸ். சுப்புலட்சுமியின் இனிஷியலில் 'எம்' மதுரை. 'எஸ்' அவரைப் பெற்ற சண்முகவடிவு. குடும்பம் காலங்காலமாக ஒரே மாதிரி இருந்ததில்லை.

"சட்டம் விடாது" என்பதும் தவறு. மணமாகாத பெண், ஆண் குழந்தையையும் தத்தெடுக்கலாம், பெண் குழந்தையையும் தத்தெடுக்கலாம். தனி ஆணுக்குத்தான் பெண் குழந்தை கிடையாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமென்றால் அவளுக்கு 40 வயது தாண்டியிருக்கக் கூடாது. மத்திய தத்தெடுப்பு வள ஆணையமான 'காரா'வின் இணையதளத்தில் பதிய வேண்டும். 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணையை வழங்குபவர் மாவட்ட ஆட்சியர். செயற்கைக் கருத்தரிப்புக்கும், 2021 சட்டப்படி, திருமணம் நிபந்தனை இல்லை. வாடகைத்தாய் முறை மட்டும் தனிப்பெண்களில் 35 முதல் 45 வயது வரையுள்ள கைம்பெண்ணுக்கும் விவாகரத்தானவருக்குமே உண்டு. மணமாகாதவளை ஏன் விலக்க வேண்டும் என்பதற்கு நியாயமான காரணம் தெரியவில்லை.

அடுத்த பயம், சான்றிதழ். திருச்சியில், விவாகரத்தான ஒரு பெண் கொடையாளர் விந்தணு மூலம் குழந்தை பெற்றார். உதவிக்கு நின்ற ஒருவரின் பெயர் பிறப்புப் பதிவில் தந்தை என்று ஏறிவிட்டது. திருத்தலாம், நீக்க முடியாது என்றது மாநகராட்சி. தென்காசியும் எந்த மதுரைக் கிளையின் எல்லைக்குள் வருகிறதோ, அதே உயர் நீதிமன்றக் கிளை 2018-ல் அந்தப் பெயரை நீக்கி, கட்டத்தை வெறுமையாக விடச் சொன்னது. மணமாகாத தாய், தந்தைக்குத் தெரிவிக்காமலே காப்பாளராகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015-லேயே தீர்ப்பளித்திருந்தது.

"அப்பா இல்லாத பிள்ளை கெட்டுப்போகும்" என்பார்கள். மடியில் முறமும் கையில் கத்தரியுமாகப் பீடி சுற்றி, ஒத்தையில் பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய்மார்கள் இந்த மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு உண்டு. அவர்களை ஊர் மெச்சுகிறது. விரும்பித் தாயானவளைத்தான் சந்தேகிக்கிறது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் சூசன் கோலம்போக் குழுவினர், விரும்பித் தனித்தாயான 51 பேரின் குடும்பங்களை இரு பெற்றோருள்ள 52 குடும்பங்களோடு ஒப்பிட்டு 2016-ல் வெளியிட்டார்கள். பிள்ளைகளின் மனநலத்தில் வித்தியாசம் இல்லை. பணக்கஷ்டமும் வளர்ப்பின் அழுத்தமும் இருந்த வீடுகளில்தான் பிள்ளைகளுக்குச் சிரமம் கூடியிருந்தது, அப்பா இருந்தாலும் இல்லாவிட்டாலும்.