ஊர்த் தோட்டமும் பொதுச் சமையலறையும்

கமக்காரக் குடும்பம் ஒன்றுக்கு விளைவிப்பதைவிட விற்பதே பெரும்பாடு. இடம்பெயர்ந்தும் மீளக்குடியேறியும் வாழும் குடும்பங்களுக்கு இது இரட்டிப்புச் சுமை. காணி இரவற் காணி; பழகிய சந்தை தொலைவில்; விதைக்குக் கடன் தந்த வியாபாரியே விலையையும் சொல்கிறார். ஆனால் எமது தோட்டங்களுக்கு அண்மையிலுள்ள வைத்தியசாலையிலும், மதிய உணவு வழங்கும் பாடசாலையிலும் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது. அங்கே வேகும் மரக்கறி எங்கிருந்து வருகிறது? எமது தோட்டத்தையும் அந்த அடுப்பையும் இணைக்க முடியுமா? இதுவே இப்பாடத்தின் கேள்வி. விடை தேடப் பிரேசில் நாட்டின் அனுபவத்தைப் பார்ப்போம்.

1. பிரேசிலில் நடந்தது

பிரேசிலில் பாடசாலை உணவுத் திட்டம் 1955 இல் தொடங்கியது. நீண்ட காலமாக மத்திய அரசே பொருட்களை மொத்தமாக வாங்கி நாடெங்கும் அனுப்பியது. பொதி செய்யப்பட்ட, பதப்படுத்திய உணவே பெரும்பாலும் சென்றது. பக்கத்து ஊர்க் கமக்காரருக்கு அதில் பங்கில்லை. 1994 இல் கொள்முதல் பொறுப்பு மாநிலங்களுக்கும் நகரசபைகளுக்கும் பகிரப்பட்டது. எனினும் கேள்விப்பத்திர முறை தொடர்ந்ததால், பெருந்தொகையாக வழங்கக்கூடிய கம்பனிகளே முன்னின்றன.

2003 இல் அரசு இன்னொரு திட்டத்தைத் தொடங்கியது. சிறு கமக்காரரிடம் நேரடியாக உணவுப் பொருட்களை வாங்கி, பசியால் வாடுவோருக்கும் அவர்களைப் பராமரிக்கும் நிலையங்களுக்கும் கொடுத்தது. அந்த அனுபவத்தின் மேல் 2009 யூன் மாதத்தில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பாடசாலை உணவுக்காக மத்திய அரசு வழங்கும் பணத்தில் குறைந்தது 30 வீதத்துக்குக் குடும்பப் பண்ணைகளின் விளைபொருட்களையே வாங்க வேண்டும் என்பது அதன் விதி. நிலச்சீர்திருத்தத்தின் கீழ்க் குடியமர்ந்த குடும்பங்களுக்கும், பழங்குடிகளுக்கும், அடிமைத்தளையிலிருந்து தப்பியோரின் வழிவந்த சமூகங்களுக்கும் முன்னுரிமை கிடைத்தது. ஏறத்தாழ 4 கோடி மாணவர் உண்ணும் திட்டம் இது. 2025 இல் வந்த மற்றொரு சட்டம் இப்பங்கை 2026 முதல் 45 வீதமாக உயர்த்தியது.

2. வாசல் எவ்வாறு திறந்தது?

நல்லெண்ணம் மட்டும் சிறு கமக்காரரை உள்ளே கொண்டுவரவில்லை. வாங்கும் விதிகள் அவர்களுக்கு ஏற்ப மாற்றப்பட்டன.

முதலாவது, மிகக் குறைந்த விலை கேட்பவருக்கே ஒப்பந்தம் என்ற முறை இவ்வாங்கலுக்குத் தளர்த்தப்பட்டது. உள்ளூர்ச் சந்தை நிலவரத்தைப் பார்த்து விலையை முன்கூட்டியே அறிவித்து, வழங்க விரும்புவோரைப் பகிரங்கமாக அழைத்தார்கள்.

இரண்டாவது, ஒரு குடும்பம் ஓராண்டில் விற்கக்கூடிய தொகைக்கு எல்லை வைத்தார்கள். ஒருசிலரே முழுவதையும் அள்ளிச் செல்ல இடமில்லை.

மூன்றாவது, ஊட்டச்சத்து நிபுணர் ஒருவர் அப்பகுதியின் விளைச்சலையும் உணவுப் பழக்கத்தையும் பார்த்து உணவுப் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். பட்டியலில் இல்லாத பயிருக்குச் சமையலறையில் இடமில்லை அல்லவா?

நான்காவது, பெற்றோரும் ஆசிரியரும் அடங்கிய சபை கணக்கையும் உணவின் தரத்தையும் கண்காணிக்கிறது.

3. இடறிய இடங்கள்

சட்டம் வந்தவுடன் எல்லாம் சரியாகிவிடவில்லை. பல நகரசபைகள் ஆரம்ப ஆண்டுகளில் 30 வீதத்தை எட்டவில்லை. கமக்காரரிடம் பதிவுப் பத்திரம் இல்லை, ஏற்றிச்செல்ல வாகனம் இல்லை, ஒழுங்காக வழங்க அமைப்பு இல்லை என்பன முக்கிய காரணங்கள். கூட்டுறவுச் சங்கங்கள் வலுவாக இருந்த இடங்களில் வேலை இலகுவாயிற்று. 2020 இல் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, உணவுப் பொருட்களை மாணவரின் வீடுகளுக்கு வழங்கச் சட்டம் அனுமதித்தது. ஆயினும் சில இடங்களில் கொள்முதல் குறைந்து, கமக்காரர் பாதிக்கப்பட்டனர். ஒரே வாசலை நம்பியிருப்பது ஆபத்து என்பதை இது காட்டுகிறது.

4. எமது நிலையில் செய்யக்கூடியவை

பிரேசிலின் சட்டம் எம்மிடம் இல்லை. ஆயினும் ஆயத்தங்களை நாமே தொடங்கலாம்.

(அ) தேவையைக் கணக்கிடுவோம். 200 பிள்ளைகள் உண்ணும் ஒரு பாடசாலையை உதாரணமாக எடுப்போம். பிள்ளைக்கு நாளொன்றுக்கு 50 கிராம் மரக்கறி என்றால் நாளுக்கு 10 கிலோ. 5 நாட்களுக்கு 50 கிலோ. பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் குடும்பத்துக்கு வாரம் 5 கிலோ மட்டுமே. இரவற் காணியிலும் இது இயலும். பாடசாலைக்கு விடுமுறை உண்டு; வைத்தியசாலைக்கு இல்லை. ஆகவே இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம்.

(ஆ) மாறிமாறி விதைப்போம். எல்லோரும் ஒரே நாளில் வெண்டி விதைத்தால் ஒரு மாதம் குவியும், மறுமாதம் இராது. இரண்டு வாரத்துக்கு ஒரு தொகுதியாக விதைக்கும் முறையைக் குடும்பங்களிடையே பங்கிட வேண்டும். காணி நிலையில்லாதவர் கீரை, வெண்டி, பயிற்றை போன்ற குறுகிய காலப் பயிர்களை ஏற்கலாம். சொந்தக் காணிக்குத் திரும்பியவர் வாழை, முருங்கை ஆகியவற்றைப் பொறுப்பேற்கலாம்.

(இ) ஒரு பெயரில் விற்போம். நிறுவனம் பத்துப் பேருடன் கணக்கு வைக்காது. பதிவு பெற்ற சங்கம் ஒன்று நிறுத்து, தரம் பிரித்து, சிட்டை எழுதிக் கொடுக்க வேண்டும். அரச நிறுவனங்களின் பணம் தாமதமாக வரலாம். அதுவரை உறுப்பினருக்குக் கொடுக்கச் சங்கத்தில் ஒரு சுழல்நிதி இருந்தாலே அவர் மீண்டும் கடன்கார வியாபாரியிடம் போகமாட்டார்.

(ஈ) விதியை அறிந்து பேசுவோம். கேள்விப்பத்திரம் எப்போது கோரப்படுகிறது, என்ன நிபந்தனை, யார் முடிவெடுப்பவர் என்பவற்றை முதலில் கேட்டறிய வேண்டும். முழு ஒப்பந்தமும் கிடைக்காவிடின் கீரையை மட்டும், அல்லது பாடசாலையில் சமைக்கும் தாய்மாருக்கு மட்டும் வழங்கத் தொடங்கலாம். மூன்று மாதம் தவறாமல் கொடுத்த சங்கத்தின் சொல்லுக்கு மதிப்பிருக்கும்.

(உ) விளைச்சலில் ஒரு பங்கு வீட்டுக்கு, ஒரு பங்கு சந்தைக்கு, ஒரு பங்கு நிறுவனத்துக்கு. எமது பிள்ளைகளின் கறியை விற்றுப் பணமாக்குவது அபிவிருத்தி ஆகாது.

கலந்துரையாடலுக்குரிய வினாக்கள்

1. எமது ஊரிலிருந்து 5 கிலோமீற்றருக்குள் நாள்தோறும் சமைக்கும் பொது நிறுவனங்கள் எவை? அவற்றுக்கு மரக்கறி வழங்குபவர் யார்?

2. எந்த மாதங்களில் எம்மிடம் விளைச்சல் இல்லை? அம்மாதங்களில் நீருக்கு என்ன செய்யலாம்?

3. எமது சங்கம் பதிவு பெற்றதா? நிறுவை, கணக்கு, ஏற்றியிறக்கல் ஆகிய மூன்றையும் யார் யார் பொறுப்பேற்பர்?

4. காணி உறுதி இல்லாத குடும்பம் உறுப்பினராவதற்கு எமது சங்க விதிகள் தடையாக உள்ளனவா? அவ்வாறாயின் எதை மாற்ற வேண்டும்?