குடிசைகளை எண்ணிய தலைவர்

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மாந்தரின் அடிப்படைத் தேவைகள் என்று பொருளியல் வகுப்பில் பயின்றேன். மூன்றாவதற்காகவே வாழ்நாளைச் செலவிட்ட தமிழர் ஒருவரை ஈண்டு அறிமுகம் செய்ய விழைகிறேன். அவர் ஜோக்கின் அற்புதம்.

கோலார் தங்கவயலில் பிறந்த இவர், பிழைப்புத் தேடிப் பம்பாய் சென்று ஜனதா காலனியில் குடியேறினார். அங்கே குப்பை அள்ள எவரும் வரவில்லை. சிறுவர்களைத் திரட்டி, அக்குப்பையைச் சுமந்து சென்று மாநகராட்சி அலுவலகத்தின் முன் கொட்டச் செய்தார். 1970-களில் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பை உருவாக்கினார். எனினும் 1976-இல் ஜனதா காலனி இடிக்கப்பட்டது. மக்கள் சீத்தா கேம்ப் என்னுமிடத்திற்கு மாற்றப்பட்டனர்.

அவர் சோர்ந்துவிடவில்லை. குடிசைகளை மக்களே கணக்கெடுப்பதும், பெண்கள் சிறுகச் சிறுகச் சேமிப்பதும் பின்னாளில் அவர் கைக்கொண்ட வழிகள். கணக்கில் வராத குடிசைக்கு மாற்றிடம் கேட்க இயலாது. பட்டியலோடு வருபவரை மறுப்பதும் எளிதன்று.

2000-இல் மகசேசே விருதும் 2011-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்ற அவர், 2018-இல் மறைந்தார். விருது இடிந்த வீட்டைக் கட்டித் தராது என்பது உண்மையே. ஆயினும், ஆக்கிரமிப்பாளர் என இகழப்பட்டோரின் தலைவரை அரசே பாராட்டியபோது, அம்மக்களும் நகரின் குடிமக்களே என்பது உறுதியாயிற்று எனக் கருதுகிறேன்.

நம் ஊரிலும் பட்டா வேண்டி மனுவோடு அலையும் ஒருவர் இருப்பார். விருது வருமுன்னரே அவரை அறிந்து போற்றுவோம்!