கார்புரேட்டர்: துளையைக் குத்தாதீங்க!

ரவாங்கில் எங்க வீட்டுப் பழைய ஹோண்டா இஎக்ஸ்5 சில மாதம் ஓடாமல் நின்றது. ஸ்டார்ட் ஆகும், ஐட்லிங்கில் அணைந்துவிடும். புது கார்புரேட்டர் வாங்குவதற்கு முன், பழையதைக் கழற்றிப் பார்த்தேன். தேங்கிய பெட்ரோல் ஆவியாகி, மிஞ்சிய பிசின் பைலட் ஜெட்டை அடைத்திருந்தது.

குறுகலான வழியில் காற்று வேகமெடுத்தால் அழுத்தம் குறையும். அங்கே பெட்ரோல் உறிஞ்சப்படும். 1738-இல் பெர்னூலி எழுதியது இதைத்தான். 1 கிராம் பெட்ரோல் முழுசா எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். அந்த அளவைக் காப்பது ஜெட்டின் துளை. கம்பியால் குத்தினால் துளை பெரிசாகி, பெட்ரோல் கூடி, கரும்புகை வரும்.

செய்முறை:
1. நெருப்பில்லாத, காற்றோட்டமான இடத்தில் உட்காருங்க. பெட்ரோல் குழாயை மூடுங்க.
2. கிண்ணத்திலுள்ள பெட்ரோலை வடித்துவிட்டு, கார்புரேட்டரைக் கழற்றுங்க.
3. காற்றுத் திருகை மெதுவாக உள்ளே முடுக்கி, எத்தனை சுற்று என்று எழுதி வையுங்க. பிறகு கழற்றுங்க.
4. கண்ணாடி போட்டுக்கொண்டு, ஜெட்டுகளில் கிளீனர் அடிங்க. துளை வழியே வெளிச்சம் வட்டமாகத் தெரியணும்.
5. இறுகிப்போன ரப்பர் வளையங்களை மாற்றுங்க. திருகை அதே சுற்றுக்கு வையுங்க.

நீண்ட நாள் வண்டி எடுக்காவிட்டால், கிண்ணத்தை வடித்து வையுங்க.